ஆறு சதவீதம், என்றென்றும்

1

எதிர்காலத்துக்கு விலை வைக்கத் தெரிந்துகொண்ட நாளில்தான் மனித இனம் விலங்குகளிடமிருந்து முழுதாகப் பிரிந்தது. பசுவுக்கு நாளைய புல் கிடையாது. சிங்கத்துக்கு அடுத்த ஆண்டு மான் கிடையாது. மனிதன் ஒருவனே, இன்னும் வந்து சேராத ஆண்டுகளின் விளைச்சலை இன்றைக்கே ஒரு எண்ணாகச் சுருக்கி, அந்த எண்ணைக் கையில் ஏந்தியபடி காலத்தின் முன்னால் நிமிர்ந்து நிற்கிறான்.

மேற்கண்ட வாக்கியங்களை நான் படுத்துக்கொண்டு யோசித்தேன். மெத்தைக் கடை ஒன்றில். மெத்தை வாங்கும் உத்தேசம் இல்லை. வெளியே வெயில் மண்டையைப் பிளந்தது, பஸ் வருகிற வழியாக இல்லை, கடைக்குள் ஏசி ஓடியது. "படுத்துப் பாருங்க சார், படுக்கறதுக்குக் காசா கேக்கறோம்?" என்றார் விற்பனையாளர். செருப்புக் காலை வைத்துக்கொள்ள மெத்தையின் கால்மாட்டில் ஒரு பிளாஸ்டிக் விரிப்பு போட்டிருந்தார்கள். படுத்தேன்.

மெத்தைக் கடையில் எல்லோரும் தணிந்த குரலில்தான் பேசுகிறார்கள், கவனித்திருக்கிறீர்களா? யாரோ தூங்குகிற வீட்டுக்குள் வந்துவிட்டதுபோல. விற்பவர் விலையைக்கூட தாலாட்டுப் பாடுகிற குரலில்தான் சொல்கிறார். கண் செருகிக்கொண்டு வந்தது. அப்போது பக்கத்து மெத்தையில் டை கட்டிய ஒரு மனிதர், கண்ணை மூடியபடியே, போனில் சொன்னார்:

"இருநூத்தி அறுபது போகும்னு நான் சொல்லலக்கா. எழுதினேன்."

நான் திரும்பிப் பார்ப்பதற்குள் அரைத் தூக்கம் முழுத் தூக்கமாகிவிட்டது. விழித்தபோது அவர் இல்லை. அவர் படுத்திருந்த இடத்தில் ஆள் அளவுக்கு ஒரு பள்ளம் இருந்தது. அது அந்த நவீன ரக மெத்தை. பள்ளம் உடனே மறையாது. நான் பார்த்துக்கொண்டிருக்க, முதலில் தலை நிரம்பியது, பிறகு தோள், கடைசியாக இடுப்பு. ஒரு மனிதன் கொஞ்சம் கொஞ்சமாக இல்லாமல் போனான்.

அந்த ஒரு வாக்கியமும் ஒரு பள்ளமும்தான் இந்தக் கதையின் மூலதனம். மீதி எல்லாம் என் கைச்சரக்கு.

2

முதல் தொடக்கம்: "கண்ணாடிக் கட்டடங்கள் வானத்தோடு கணக்குத் தீர்த்துக்கொண்டிருந்த ஒரு காலை வேளையில்," 

கட்டடத்துக்கும் வானத்துக்கும் என்ன பாக்கி? விட்டுவிட்டேன்.

இரண்டாம் தொடக்கம்: "அக்காவின் விரல்கள் ஊசிகளாகவே மாறியிருந்தன, அவள் தொட்ட இடமெல்லாம்"

தொட்ட இடமெல்லாம் ரத்தம் வரும். இந்தக் கையை வைத்துக்கொண்டு அவள் முகம் கழுவுவது எப்படி? அடித்துவிட்டேன்.

மூன்றாம் தொடக்கம்: ஒரு தம்பி. பங்குகளுக்கு விலை சொல்வது அவன் வேலை. அவனுக்கு ஒரு அக்கா. அவள் மெத்தை தைத்தவள்.

இது இருக்கட்டும். பொய் சொல்வதற்கு வசதியாக, மட்டமாக, சமதரையாக இருக்கிறது.

தம்பிக்கு அலுவலகத்தில் 'தசமம்' என்று பட்டப்பெயர். மற்றவர்கள் "சுமார் இருநூறு" என்று சொல்கிற இடத்தில் இவன் "இருநூற்றொன்று புள்ளி மூன்று ஏழு" என்பான். மழை வருமா என்று கேட்டால் "அறுபத்திரண்டரை சதவீதம்" என்பான். நனைந்துகொண்டே வீட்டுக்குப் போவான். குடை எடுத்துவருவது அவன் துறையல்ல.

அக்கா ஒரு மெத்தைக் கம்பெனியில் ஓரம் தைக்கும் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். ஒரு மோசமான ஆண்டில் கம்பெனியால் சம்பளத்தை உயர்த்த முடியவில்லை. பதிலுக்கு ஆளுக்குக் கொஞ்சம் பங்குகளைக் கொடுத்து, "நீங்களும் முதலாளிதான்" என்று கைகுலுக்கி அனுப்பினார்கள். முதலாளிகள் மறுநாளும் மெஷினில் உட்கார்ந்தார்கள். பிறகு கம்பெனி பங்குச் சந்தைக்குள் நுழைந்தது. அந்தப் பங்குகளுக்கு உயிர் வந்தது. அக்காவின் சொத்து மொத்தமும் அதுதான்.

இப்போது அவள் மகள் வீட்டில் இருக்கிறாள். ஒற்றைப் படுக்கையறை வீடு. அக்காவின் படுக்கை ஹாலில் இருக்கிற சோஃபா. மருமகன் டிவியை அணைத்துவிட்டு எழுந்துபோனால்தான் அவளுக்கு இரவு தொடங்கும். அவளுக்கு வேண்டியது ஒன்றே ஒன்று: சாத்திக்கொள்ள ஒரு கதவு இருக்கிற சொந்த அறை.

[மெத்தை தைத்தவள் சோஃபாவில் தூங்குகிறாள் என்பது கொஞ்சம் ஓவர் என்று எனக்கே தெரிகிறது. தரையில் படுக்கவைத்துப் பார்த்தேன், கண்ணீர் அதிகமாகிவிட்டது. கட்டிலில் படுக்கவைத்தேன், கதையே படுத்துவிட்டது. சோஃபாவே இருக்கட்டும்.]

3

தசமம் எப்படி விலை சொல்கிறான் என்பதை விளக்கியாக வேண்டும். பயப்படாதீர்கள். நான் கணக்கில் தேறியவன் அல்ல. எனக்கே புரிந்தது உங்களுக்குப் புரியாமல் போகாது.

ஒரு நீண்ட நடையை, அதாவது காரிடாரை, நினைத்துக்கொள்ளுங்கள். இரு பக்கமும் அறைகள். முதல் அறை அடுத்த ஆண்டு, இரண்டாவது அறை அதற்கடுத்த ஆண்டு, இப்படிப் பத்து. ஒவ்வொரு அறையிலும் ஒரு ஐஸ்கட்டி இருக்கிறது: அந்த ஆண்டு கம்பெனி சம்பாதிக்கப்போகும் லாபம். தசமம் ஒவ்வொரு அறையாகப் போய், கட்டியைக் கையில் எடுத்துக்கொண்டு, 'இன்று' என்கிற வாசலுக்குத் திரும்பி நடக்க வேண்டும். வழியில் உருகும். பக்கத்து அறைக் கட்டி கொஞ்சம் உருகும். பத்தாவது அறைக் கட்டி வாசலுக்கு வரும்போது கோலிகுண்டு அளவுக்கு ஆகிவிடும். வந்து சேர்ந்ததையெல்லாம் கூட்டி, மொத்தப் பங்குகளால் வகுத்தால், ஒரு பங்கின் மதிப்பு.

அந்த நடையில் எவ்வளவு வெப்பம் என்பதைத்தான் ரிஸ்க் என்கிறார்கள். நம்ப முடியாத கம்பெனியின் நடை கொதிக்கும். கைக்கு எதுவும் வந்து சேராது. நம்பகமான கம்பெனியின் நடை குளிர்ச்சியாக இருக்கும். மெத்தைக் கம்பெனிக்கு தசமம் வைத்த வெப்பம் ஆண்டுக்குப் பதினொரு சதவீதம்.

அந்தப் பதினொன்று எங்கிருந்து வந்தது? பங்கின் விலை இதுவரை எவ்வளவு துள்ளியிருக்கிறது என்று பார்க்கிறார்கள். நிறையத் துள்ளினால் ஆபத்து, துள்ளாவிட்டால் பத்திரம். மெத்தைக் கம்பெனிப் பங்கை அநேகமாக யாரும் வாங்குவதுமில்லை, விற்பதுமில்லை. ஆகவே அது துள்ளவில்லை. ஆகவே பத்திரமானது. தூங்குகிற ஆளைப் பார்த்து நல்லவன் என்று சான்றிதழ் கொடுப்பதுபோல.

[இந்தப் பகுதியை என் மச்சினனிடம் காட்டினேன். அவன் ஆடிட்டர். "ஐஸெல்லாம் சரி அத்தான், உருகின தண்ணி தரையில நிக்குமே, அது யாருக்குப் போகும்?" என்றான். "தரகு" என்றேன்.]

பத்து அறைகள் முடிந்ததா? நடை முடியவில்லை. அது போய்க்கொண்டே இருக்கிறது. விளக்கில்லை, கதவில்லை, மறுமுனை இல்லை. யாராலும் அங்கே போய்ப் பார்க்க முடியாது. ஆகவே ஆய்வாளர்கள் ஒரு காரியம் செய்கிறார்கள். ஒரே ஒரு கட்டத்தில் ஒரே ஒரு எண்ணை எழுதுகிறார்கள்: 'இதற்குப் பிறகு ஆண்டுக்கு இத்தனை சதவீதம் வளரும். என்றென்றும்.'

இங்கே ஒரு ரகசியம் சொல்கிறேன். ரகசியம் என்றால், எல்லாப் பாடப்புத்தகத்திலும் இருக்கிறது, அவ்வளவுதான். மெத்தைக் கம்பெனியின் மொத்த மதிப்பில் ஐந்தில் நான்கு பங்கு அந்த ஒரு கட்டத்திலிருந்து வருகிறது. ஆலைக்குப் போய், முதலாளியைப் பார்த்து, பஞ்சு விலை விசாரித்து, கண் எரிய எரிய நிரப்பிய பத்து அறைகளும் சேர்ந்து மீதி ஒரு பங்கு.

[இங்கே கதைகளுக்கும் அவற்றின் முடிவுக்கும் உள்ள உறவைப் பற்றி ஆழமான ஒரு ஒப்பீடு வர வேண்டும். பிறகு பார்க்கலாம்.]

4

மெத்தைக் கம்பெனி ஒரு அறிவிப்பு விட்டது. தன் பங்குகளைத் தானே திரும்ப வாங்கிக்கொள்ளப் போகிறது. பங்குக்கு இருநூற்றுப் பன்னிரண்டு. சந்தையில் அப்போது நூற்றுத் தொண்ணூற்றெட்டு. கொடுக்க விரும்புகிறவர்கள் வெள்ளிக்கிழமை மாலைக்குள் கொடுக்கலாம்.

முதலீட்டாளர்களுக்காக தசமம் எழுதிய ரிப்போர்ட்டில் இருந்த விலையோ இருநூற்று அறுபது.

"டேய், கம்பெனி லெட்டர் வந்திருக்கு. இருநூத்திப் பன்னண்டு தரேங்கறான்."

"ம்."

"என்ன ம்? நீ இருநூத்தி அறுபதுன்னு எழுதியிருக்க. மருமகன் கம்ப்யூட்டர்ல எடுத்துக் காமிச்சாரு. உன் போட்டோகூட இருக்கு. முடிய ஏன்டா அப்படி ஒட்ட வெட்டியிருக்க, ஜுரம் வந்தவன் மாதிரி?"

"அக்கா, அது ஒரு மதிப்பீடு. பன்னண்டு மாசத்துல..."

"பன்னண்டு மாசம்தானே? இத்தனை நாள் சோஃபால கால மடக்கிப் படுத்தவளுக்கு அது ஒரு பெரிய விஷயமா? நான் கொடுக்கப் போறதில்ல. தையல் குரூப்ல எல்லாருக்கும் சொல்லிட்டேன். எவளும் கொடுக்காதீங்கடி, என் தம்பி சொல்லிட்டான்னு."

"இருநூத்தி அறுபது போகும்னு நான் சொல்லலக்கா. எழுதினேன்."

"சொல்றதுக்கும் எழுதறதுக்கும் என்னடா வித்தியாசம்?"

"எழுதினா, கீழ சின்ன எழுத்துல இன்னொண்ணும் எழுதலாம்."

"அதுல என்ன எழுதியிருக்க?"

"மேல எழுதினத நம்பி எதுவும் பண்ணாதீங்கன்னு."

அக்கா விழுந்து விழுந்து சிரித்தாள். "உன்னையெல்லாம் எப்படிடா வேலைக்கு வச்சாங்க?"

அக்கா ஏற்கெனவே ஒரு அடுக்குமாடியில் இடம் பார்த்து வைத்திருந்தாள். இருநூற்றுப் பன்னிரண்டுக்குக் கொடுத்தால் அங்கே ஒரு சின்ன அறை வரும். மூலையில் சமைத்துக்கொள்ள மேடை, வெளியே பூட்டுகிற கதவு. இருநூற்று அறுபது வந்தால் அதே கட்டடத்தில் பால்கனி வைத்த அறை. அவள் பால்கனிக்குப் போய்விட்டாள். மனதளவில் அங்கே நாற்காலி போட்டாயிற்று. பச்சையில் திரைத்துணி எடுத்து, ஓரம் தைக்கவும் ஆரம்பித்தாயிற்று.

[அக்கா ரொம்ப நல்லவளாக வந்துகொண்டிருக்கிறாள். நல்லவர்களைக் கதையில் வைத்துக்கொண்டு அவஸ்தைப்பட முடியாது. கொஞ்சம் கெடுக்கிறேன்: தொழிற்சாலையில் அவளுக்கு எதிர் மெஷினில் உட்கார்ந்திருந்தவளுக்கு இப்போது பால்கனி வைத்த வீடு இருக்கிறது. அக்காவுக்குக் காற்றும் வேண்டாம், வெளிச்சமும் வேண்டாம். எதிர் மெஷின்காரி ஒருநாள் வந்து அந்தப் பால்கனியில் நின்றால் போதும்.]

5

பால்கனிக் கனவைக் கேட்ட பிறகு தசமத்துக்கு இருப்புக் கொள்ளவில்லை. பன்னிரண்டு மாதம் என்பதை அக்காவுக்குப் புள்ளி வைத்து விளக்கலாமென்று பழைய கணக்குத் தாளைக் கணினியில் திறந்தான்.

"எந்த ஆய்வாளரும் தன் தப்பைத் தானே போய்த் தேடமாட்டான், அத்தான். அடுத்தவன் கண்டுபிடிச்சாலும் விளக்கம்தான் சொல்லுவான்" என்கிறான் மச்சினன். சரி, தேடப் போகவில்லை. தடுக்கி விழுந்தான் என்று வைத்துக்கொள்வோம்.

இருநூற்று அறுபதை அழுத்தினான். அது இன்னொரு கட்டத்துக்குக் கூட்டிப்போனது. அதை அழுத்த, மற்றொன்று. படி இறங்குவதுபோல இறங்கி, கடைசியில் அந்தக் கட்டத்துக்கு வந்தான். 'என்றென்றும்' கட்டம். மஞ்சள் அடித்திருந்தது. உள்ளே ஆறு என்று இருந்தது. ஓரத்தில் அவனே எழுதிய குறிப்பு: 'தற்காலிகம். பிறகு பார்க்கலாம்.'

நினைவு வந்தது. ஆள் புதிது, தாள் புதிது. அந்தக் கட்டம் காலியாக இருந்ததால் கீழே இருந்த அத்தனை கட்டங்களும் பிழை, பிழை என்று கத்திக்கொண்டிருந்தன. அழுகிற குழந்தை வாயில் கிடைத்ததைத் திணிப்பதுபோல, ஒரு ஆறைத் திணித்தான். எல்லாம் அமைதியாயின. ரிப்போர்ட் வெளியே போனது. ஏன் ஆறு, ஏன் ஐந்தில்லை என்று இப்போது யோசித்தால், விரலுக்கு அந்த விசை பக்கத்தில் இருந்ததைத் தவிர வேறு காரணம் தோன்றவில்லை.

மதியச் சாப்பாட்டுக்குப் பிந்தைய நேரம். அலுவலகமே பாதி மூடிய இமையாக இருந்தது. ஏசியின் ரீங்காரம், யாரோ ஒருவர் நாற்காலியில் சாயும் சத்தம். என்றென்றும் என்றால் எதுவரை என்று தசமத்துக்குத் திடீரென்று பார்க்கத் தோன்றியது. தாளின் மூலையைப் பிடித்துக் கீழே இழுத்தான். இழுக்க இழுக்க ஆண்டுகள் வந்துகொண்டே இருந்தன.

உலகமே ஆண்டுக்கு மூன்று சதவீதம் வளர்ந்தால் பெரிய காரியம். மெத்தை ஆறு வளர்ந்தது. ஐம்பதாவது வரிசையில் எல்லார் வீட்டிலும் ஆளுக்கு இரண்டு மெத்தை. நூறாவது வரிசையில் வீடு நிரம்பி, மெத்தைகள் ஜன்னல் வழியாகத் தெருவுக்கு வந்தன. இன்னும் இழுத்தான். சாலைகள் மிருதுவாகி, பஸ்கள் அச்சு வரை புதைந்து நின்றன. ஓட்டுநர்கள் சாய்ந்தபடி தூங்கினார்கள். இன்னும். ஆறுகள் மேல் விரிப்பு. கடல் மேல் விரிப்பு. கப்பல்கள் ஒருக்களித்துப் படுத்திருந்தன. பங்குச் சந்தையில் காலை மணி அடித்தார்கள். சத்தம் பஞ்சில் அமிழ்ந்து எங்கும் போய்ச் சேரவில்லை. நிதி அமைச்சர்கள் தலையணையைக் கட்டிக்கொண்டு தூங்கினார்கள். உலகத்தில் விலை சொல்ல ஆளில்லை, கேட்கவும் ஆளில்லை. எல்லையில், அடிவானத்துக்கு அருகே, ஒரே ஒரு மெஷின் மட்டும் ஓடியது. அக்கா பூமியின் ஓரத்தைத் தைத்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்து, "நூல் பத்தாதுடா" என்றாள்.

தசமம் தாளை விட்டான். கன்னத்தில் விசைப்பலகையின் தடம் பதிந்திருந்தது.

ஆறை அழித்தான். நிதானமான மனிதர்கள் போடுகிற இரண்டைப் போட்டான். இருநூற்று அறுபது கண் சிமிட்டிவிட்டு நூற்று அறுபத்து மூன்றாகியது. புள்ளிக்குப் பிறகு என்ன என்று, முதல்முறையாக, அவன் பார்க்கவில்லை.

அப்படியானால் கம்பெனி இருநூற்றுப் பன்னிரண்டு கொடுப்பது ஏன்? அக்கா அனுப்பியிருந்த கடிதத்தைப் படித்தான். 'சுயேச்சையான ஆய்வாளர்களின் மதிப்பீட்டை அடிப்படையாகக் கொண்டு, உரிய கழிவு நீக்கி' விலை நிர்ணயித்ததாக இருந்தது. ஆய்வாளர்கள் என்று பன்மையில் எழுதியிருந்தார்கள். அந்தக் கம்பெனியைப் பற்றி எழுதுகிற ஆய்வாளர் உலகத்திலேயே ஒருவன்தான். அவன் கன்னத்தில் இப்போது விசைப்பலகைத் தடம் இருக்கிறது. போன வாரம்கூட அவன் எழுதியிருந்தான்: 'கம்பெனியே இருநூற்றுப் பன்னிரண்டுக்கு வாங்க முன்வந்திருப்பது நம் மதிப்பீட்டுக்கு வலுச் சேர்க்கிறது.'

இவன் சொன்னதால் அவர்கள் சொன்னார்கள். அவர்கள் சொன்னதால் இவன் மறுபடி சொன்னான். ஒருவர் தோளில் ஒருவர் ஏறி நின்று ஊருக்கு வித்தை காட்டுகிறார்கள். அடியில் நிற்பவர் யார் என்று குனிந்து பார்த்தால், அங்கே யாரும் இல்லை.

அக்கா இருநூற்றுப் பன்னிரண்டுக்குக் கொடுத்துவிட வேண்டும். ஓடிப்போய்க் கொடுக்க வேண்டும். அவள் கொடுக்காததற்கு ஒரே காரணம் இவன்.

6

அலுவலகத்தில் எல்லோரும் 'தல' என்று கூப்பிடும் மேலாளரிடம் தசமம் போனான். அவர் அறையில் கண்ணாடிச் சுவர், கண்ணாடி மேசை. ஒளிக்க ஒன்றுமில்லை என்று காட்டத்தான். திரைச்சீலை மட்டும் கனமாகப் போட்டிருந்தார்.

"தல, அந்த மெத்தைக் கம்பெனி ஆறு சதவீதம்... அது நான் சும்மா போட்டது."

"சும்மான்னா?"

"எடத்த நிரப்ப. அப்புறம் மாத்தலாம்னு."

"மாத்தலையா?"

"மறந்துட்டேன்."

தல நாற்காலியில் சாய்ந்துகொண்டார். "கம்பெனி ஒத்துக்கிச்சு. மார்க்கெட் ஒத்துக்கிச்சு. ஊரே ஒத்துக்கிட்ட நம்பர நீ மட்டும் ஏம்ப்பா ஒத்துக்க மாட்டேங்கற?"

"தப்பு தல. நூத்தி அறுபத்து மூணுதான் வருது."

"வரட்டும். அடுத்த காலாண்டு ரிசல்ட் வந்ததும், 'மாறிவரும் சூழலைக் கருத்தில் கொண்டு'ன்னு ஒரு வரி போட்டு மெதுவா இறக்கு. பிளேன் இறங்கற மாதிரி. உள்ள தூங்கறவனுக்குத் தெரியக் கூடாது. இப்ப, வெள்ளிக்கிழமைக்கு முன்னாடி மாத்தினியோ, கம்பெனிக்காரன் ஆஃபர வாபஸ் வாங்கிடுவான். அதுக்கு உரிமை இருக்குன்னு லெட்டர்லயே போட்டிருக்கான்."

"எங்க அக்கா..."

"அதான் ரிப்போர்ட்டு கடைசிப் பக்கத்துல போட்டிருக்கியே, 'ஆய்வாளரின் உறவினரிடம் பங்கு உண்டு'ன்னு. அவங்ககிட்ட மூச்சு விடாதே. ஊருக்கு ஒரு விலை, வீட்டுக்கு ஒரு விலைன்னா வேலையும் போகும், மானமும் போகும், கம்பி எண்ணணும்." பிறகு குரலைத் தாலாட்டு அளவுக்குத் தணித்து, "டீ சொல்லட்டுமா?" என்றார்.

7

ஆக, வாசகரே, மூன்று முடிவுகள் கையிருப்பில் உள்ளன.

அ. தசமம் தலயை மீறி உண்மையை வெளியிடுகிறான். கம்பெனி பின்வாங்குகிறது. பங்கு நூற்றைம்பதுக்குச் சரிகிறது. அக்கா உலகத்தின் மிக நேர்மையான தம்பிக்கு அக்காவாக அதே சோஃபாவில் படுத்திருக்கிறாள். நடக்க வாய்ப்பு முப்பது சதவீதம்.

ஆ. அக்காவின் காதில் மட்டும் ஊதிவிடுகிறான். அக்காவுக்கு அறையும் கதவும் கிடைக்கின்றன. தம்பிக்கும் கிடைக்கின்றன, வெளியே பூட்டுகிற மாதிரி. இருபது சதவீதம்.

இ. வாயை மூடிக்கொள்கிறான். பங்கு சத்தமில்லாமல் இறங்குகிறது. மாதம் ஒருமுறை அக்கா போன் செய்து, "இன்னுமா பன்னண்டு மாசம் ஆகல?" என்கிறாள். ஐம்பது சதவீதம், நான் மனிதர்களைக் கொஞ்சம் பார்த்திருக்கிறேன்.

ரிஸ்க்கைக் கையாளும் முறைப்படி இவற்றை அந்தந்த வாய்ப்பால் பெருக்கிக் கூட்டினால் சராசரி முடிவு கிடைக்கும். செய்தேன். அக்காவுக்கு ஐந்தில் ஒரு பங்கு கதவு கிடைக்கிறது.

மச்சினனிடம் காட்டினேன்.

"கணக்கு கரெக்ட், அத்தான்."

"அஞ்சுல ஒரு பங்கு கதவு வழியா அக்கா எப்படிடா உள்ள போவா?"

"பூனை போகும்" என்றான். பிறகு கொஞ்சம் யோசித்து, "ஒரே மாதிரி ஆயிரம் அக்கா இருந்தா இருநூறு கதவு வரும். அப்ப சரியா இருக்கும்" என்றான்.

பிரச்சினை அதுதான். தசமத்துக்கு ஒரு அக்காதான்.

[மூன்றாம் பகுதியில் விட்டுப்போன ஒப்பீட்டை இங்கே வைத்துவிடலாமா என்று பார்த்தேன். 'கதையின் மதிப்பில் ஐந்தில் நான்கு பங்கு, யாரும் போய்ப் பார்க்காத' என்று தொடங்கி]

வேண்டாம். அக்கா காத்திருக்கிறாள்.

8

வெள்ளிக்கிழமை பிற்பகல். மகளும் மருமகனும் வேலைக்குப் போயிருந்தார்கள். ஹாலில் வெளிச்சம் தண்ணீர்போல நின்றது. அக்கா பச்சைத் துணியை மடியில் போட்டுத் தைத்தபடி சோஃபாவின் ஓரத்தில் இருந்தாள். தசமம் மறு ஓரத்தில். நடுவில் அவள் தலையணை, மூன்றாவது ஆள்போல.

"என்னடா, லீவா? மூஞ்சி ஏன் இப்படித் தொங்குது?"

"சும்மாதான் வந்தேன். நீ அந்த ஆஃபர..."

"கொடுக்கல. அதான் சொன்னேனே."

"ஏன் அவ்வளவு நம்பிக்கை?"

"நீ எழுதினது ஒண்ணு. நானும் யோசிச்சேன். ஜனங்க எது இல்லாம வேணா இருப்பாங்க, தூங்காம இருப்பாங்களா? ஆள் இருக்கற வரைக்கும் மெத்தை இருக்கும். அந்தக் கம்பெனி விழவே விழாதுடா."

தசமம் அவளைப் பார்த்தான். ஆறு சதவீதம், என்றென்றும். அவனாவது விசை பக்கத்தில் இருந்ததால் போட்டான். இவள் யோசித்துப் போட்டிருக்கிறாள்.

"தூங்குவாங்கக்கா. அதுக்காக வருஷா வருஷம் புது மெத்தையா வாங்குவாங்க? நீ தைச்ச மெத்தை எத்தனை வருஷம் வரும்?"

"என் தையலா? அதுல படுத்தவன் போய்ச் சேந்தாலும் தையல் பிரியாது."

"அதான் சொல்றேன்."

"என்ன சொல்ற?"

"ஒண்ணும் சொல்லல. நான் எதுவும் சொல்லக் கூடாது."

அக்காவின் ஊசி நின்றது. மெத்தை விற்பதைப் பற்றி அவளுக்கு ஒன்றும் தெரியாது. தம்பி பொய் சொல்லும்போது காது மடல் சிவக்கும் என்று மட்டும் தெரியும்.

"சொல்ல வேண்டாம். கண்ணச் சிமிட்டு."

"அதுவும் சொன்ன மாதிரிதான்."

"ஒரு இருமல்?"

"அக்கா, விளையாடாத. எனக்கு வேலை போயிடும்."

அவள் துணியை மடித்து வைத்தாள். கைபேசியை எடுத்து, பங்குகளைக் கொடுக்கிற ஆப்பைத் திறந்து, தலையணை மேல் வைத்தாள். திரையில் 'கொடு', 'வேண்டாம்' என்று இரண்டு பொத்தான்கள் இருந்தன. மேலே மீதி நேரம் ஓடிக்கொண்டிருந்தது.

"பால்கனி போனாப் போகுதுடா," என்றாள், மிக மெதுவாக. "கதவும் போயிடுமோன்னுதான் இப்ப பயமா இருக்கு. எனக்கு அது மட்டும் தெரிஞ்சாப் போதும்."

தசமம் தரையைப் பார்த்தான். அவன் ரிப்போர்ட்டில் ரிஸ்க் என்று ஒரு முழுப் பக்கம் இருந்தது. அதில் இந்தப் பயத்துக்கு ஒரு வரி இல்லை.

"சரி," என்றாள் அக்கா. "கம்பெனியப் பத்திக் கேக்கல. ரிப்போர்ட்டப் பத்திக் கேக்கல. உன்னப் பத்திக் கேக்கறேன். உன் பணத்த நீ எந்தப் பங்குல போட்டிருக்க?"

தசமம் அலுவலக விதிகளை மனதுக்குள் புரட்டினான். விதி ஒன்று, விதி இரண்டு, உட்பிரிவுகள். கம்பெனிகளைப் பற்றி அக்காவிடம் வாய் திறக்கக் கூடாது. தன்னைப் பற்றித் திறப்பதை எந்த விதியும் தடுக்கவில்லை. விதி எழுதியவர்களுக்கு இப்படி ஒரு கேள்வி வரும் என்றே தோன்றவில்லை போலும். நிமிர்ந்தான். காது மடல் சிவந்திருந்தது. இந்த முறை இன்னும் பொய் சொல்ல ஆரம்பிக்கவில்லை.

இந்த இடத்தில் நான் எழுந்துகொள்கிறேன். மேலே எழுதினால் அவனை வீரனாக்கிவிடுவேன், அல்லது கோழையாக்கிவிடுவேன். இரண்டுமே எனக்குக் கைவந்த பொய்கள். அக்கா அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். விரல் திரைக்கு மேல் நிற்கிறது. நேரம் இருக்கிறது. அவன் உண்மையைச் சொல்வானா, சொன்னால் அவள் எந்தப் பொத்தானை அழுத்துவாள் என்பதை நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள். உங்கள் வசதிக்காக, அவன் சொல்ல வேண்டிய பதிலை மட்டும் கொடுத்துவிட்டுப் போகிறேன்.

தசமம் இதுவரை ஒரு பங்குகூட வாங்கியதில்லை. அவன் பணம் முழுவதும் ஃபிக்சட் டெபாசிட்டில் இருக்கிறது.